ஏசி போட்டால் அணைந்துபோகும் பழைய கார்: கொக்குவில் கராஜ் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் உறுப்பு) உள்ள பழைய கார் ஒன்று ஏசி போட்ட மறுகணமே நடுங்கி அணைந்துபோகிறது என்று யாழ்ப்பாணத்தில் முறையிட்டால், போகும் இடத்தைப் பொறுத்துப் பதில் மாறும். எஞ்சின் வேலை செய்பவர் பிழை ஏசியில்தான் என்பார். ஏசிக்குக் காஸ் அடிப்பவர் எஞ்சினில் வலு இல்லை என்பார். வயறிங் பார்ப்பவர் பற்றரியையும் அல்டனேற்றரையும் காட்டுவார். மூவரும் தத்தம் பங்கைச் செய்து கூலி வாங்கிக்கொண்ட பிறகும் கார் சந்திக்குச் சந்தி நின்றுகொண்டுதான் இருக்கும். கொக்குவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து பிரிந்து போகும் ஒழுங்கை ஒன்றுக்குள், பெயர்ப் பலகைகூட இல்லாமல் இயங்கும் ஒரு சிறிய கராஜைப் பற்றி எழுத முன்வந்ததற்குக் காரணம், இந்த மூன்று பேரின் வேலையையும் ஒரே பழுதாகப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதுதான். குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்லியாக வேண்டும்.

எனது கார் 1988 ஆம் ஆண்டு ரொயோட்டா கொறோலா. 1,295 சிசி கொள்ளளவும் 12 வால்வுகளும் கொண்ட 2ஈ எஞ்சின், கைக் கியர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த இடைவெளியில் இந்த வயதுக் கார்களின் விலையும் ஏறிவிட்டது. இதை விற்றால் இதைவிட நல்லதொன்றை வாங்க முடியாது என்ற நிலையும் வந்துவிட்டது. ஆகவே திருத்தித்தான் ஓட வேண்டும். ஓடும்போது காரில் குறை சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. ஏசி போடாமல் நிறுத்தினாலும் ஓரளவுக்கு ஐட்லிங் (அக்சிலறேற்றரை மிதிக்காமல் எஞ்சின் தானாக ஓடும் மெதுவான ஓட்டம்) நிற்கும். ஆனால் வெயில் நேரத்தில் ஏசியைப் போட்டபடி கொக்குவில் புகையிரதக் கடவையில் நின்றால், ஏசியின் காஸை அமத்தும் கொம்பிரசரின் கிளச் பிடிக்கும் சத்தம் கேட்ட உடனே எஞ்சினின் வேகம் சரிந்து, ஸ்ரியரிங் கையில் அதிர்ந்து, எண்ணெய் விளக்கு மின்னி, எஞ்சின் அணைந்துவிடும். அக்சிலறேற்றரைக் காலால் அமத்திக்கொண்டு நின்றால்தான் தப்பலாம்.

இதற்கு முன்னர் வேறோர் இடத்தில் இந்தப் பழுதுக்குச் செய்த வைத்தியம், ஸ்லோ ஸ்குரூவை உள்ளே முறுக்கி ஐட்லிங்கைக் கூட்டிவிட்டதுதான். ஏசி போட்டால் கார் நின்றுவிடாமல் இருந்தது உண்மை. ஆனால் ஏசி இல்லாத நேரத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கும் மேலே கத்திக்கொண்டு நின்றது; திறப்பைத் திருப்பி அணைத்த பின்னரும் சில வினாடிகள் குலுங்கிக் குலுங்கி ஓடித்தான் ஓய்ந்தது; பெற்றோலும் கூடுதலாகக் குடித்தது. ஸ்லோ ஸ்குரூ என்பது உண்மையில் காபரேற்றரின் அடியில் உள்ள காற்றுத் தகட்டை எவ்வளவு திறந்து வைப்பது என்பதைத் தீர்மானிப்பது மட்டுமே. அந்தத் தகடு தனது இடத்தில் ஏறக்குறைய மூடியிருக்கும்போதுதான், ஐட்லிங்குக்கென்று தனியாகத் துளைக்கப்பட்ட மெல்லிய வழியினூடாகப் பெற்றோல் அளவோடு வரும். தகட்டை அளவுக்கு மீறித் திறந்துவிட்டால், ஐட்லிங்கிலிருந்து ஓட்டத்துக்கு மாறும்போது மட்டும் வேலை செய்ய வேண்டிய மேல் துளைகளும் திறந்துகொண்டு பெற்றோலைக் கக்கத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு, ஐட்லிங்கில் பெற்றோலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கலவை ஸ்குரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் எஞ்சினில் மாற்றம் தெரியாது. உங்களுடைய காரிலும் கலவை ஸ்குரூ 'கேட்காமல்' இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

கொக்குவில்காரர் பொனற்றைத் திறந்ததும் இதைக் கண்டுபிடித்துவிட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர். வருகிறவர்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றே கூப்பிடுகிறார்கள். ஸ்குரூவின் புரிகளில் புதிதாக மினுங்கிய இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஸ்லோ குறையுது எண்டால் ஸ்குரூ தானாத் திரும்பினதே? திரும்பேல்லை. அப்ப ஏன் அதைப் பிடிச்சுத் திருப்பினவையள்?" என்று கேட்டார். இந்தக் கேள்விதான் அவருடைய முறை முழுவதுக்கும் அடிப்படை என்பது பிறகு விளங்கியது. முன்பு சரியாக நின்ற ஐட்லிங் இப்போது நிற்கவில்லை என்றால் வேறு எங்கோ ஏதோ மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வரை ஸ்குரூவில் கை வைக்கக் கூடாது.

முதலில் அவர் காரைத் தானே ஏசியுடன் ஓட்டிப் பார்த்தார். காலையில் குளிர்ந்த எஞ்சினில் எப்படி, சூட்டில் எப்படி, இரவில் விளக்குப் போட்டால் குறைகிறதா, பிரேக் மிதிக்கும்போது மாறுகிறதா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு வெப்பமானியைக் காட்டினார். வெகுநேரம் ஓடிய பின்னரும் முள் கீழேயே கிடந்தது. எஞ்சின் சூடேறும் வரை தண்ணீர் றேடியேற்றருக்குப் போகாமல் மறிக்கும் தேர்மோஸ்ராற் கழற்றி எறியப்பட்டிருந்தது. எங்கள் ஊரில் இது பரவலான பழக்கம். குடாநாட்டின் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவது. அதை றேடியேற்றருக்குள் விட்டுவிட்டு ஓடினால் காலப்போக்கில் உள்ளே காவி படியும், எஞ்சின் கொதிக்கும், உடனே யாராவது ஒருவர் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி 'இனிப் பயமில்லை' என்று அனுப்பிவிடுவார். கொதிப்பது நிற்கும்தான். ஆனால் எனது காரில் சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துக் கலவையைக் கொழுக்க வைக்கும் தகடு) தானாகத் திறப்பதே சுற்றிவரும் தண்ணீரின் சூட்டை வைத்துத்தான். எஞ்சின் சூடேறவில்லை என்றால் சோக் முழுதாகத் திறக்காது. சோக் திறக்காத வரை கலவை கொழுத்தே இருக்கும், குளிர்ந்த எஞ்சினை வேகமாக ஐட்லிங்கில் வைக்கும் கம் என்ற துண்டும் விலகாது. இப்படி அரைகுறைச் சூட்டில் நிற்கும் எஞ்சினில் எந்த அளவை வைத்தாலும் அது நிலைக்காது என்பதால், 82 பாகையில் திறக்கும் தேர்மோஸ்ராற் ஒன்றைப் பூட்டி, றேடியேற்றரைக் கழற்றிக் கழுவி, கிணற்றுத் தண்ணீருக்குப் பதிலாகக் கூலன்ற் விட்ட பின்னர்தான் காபரேற்றருக்கே வந்தார்.

அடுத்து வந்தது, எஞ்சின் காற்றை உறிஞ்சும் வலுவை அளக்கும் வக்கியூம் மீற்றர். பழைய எஞ்சினைப் பற்றி இந்தச் சிறிய மீற்றர் சொல்வதைப் பெரிய கருவிகள்கூட இவ்வளவு எளிதாகச் சொல்வதில்லை. ஆனாலும் இங்கே பெரும்பாலான கராஜுகளில் அதைக் காண முடியாது. கடல் மட்டத்தை ஒட்டிய எங்களுடைய ஊரில், நல்ல நிலையில் உள்ள எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குல இரச அளவு வரை அசையாமல் காட்ட வேண்டும். எனது காரில் முள் 15 இல் தடுமாறிக்கொண்டு நின்றது. காபரேற்றர் வழியாக அல்லாமல் எங்கோ வெடிப்பினூடாகக் கள்ளக் காற்றுப் போகிறது என்பது அதன் பொருள். அதைக் கண்டுபிடிக்கப் பலரும் செய்வதைப் போல அவர் சூடான எஞ்சினில் கிளீனரை விசிறவில்லை. ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் காபரேற்றரின் அடிப்பகுதியிலும் கலவையை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் மனிபோல்டின் ஓரங்களிலும் குழாய்கள் ஒவ்வொன்றின் முனையிலும் மெல்லக் கொண்டுபோனார். காபரேற்றருக்கும் மனிபோல்டுக்கும் இடையில் உள்ள தடித்த இன்சுலேற்றர் கட்டையின் பின் மூலையில் நிறுத்தி, குழாயை எனது காதில் வைத்தார். பல்லிடுக்கால் காற்றை உறிஞ்சுவது போன்ற ஒரு மெல்லிய சீறல் தெளிவாகக் கேட்டது. வெளியே நின்று பார்த்தால் அந்த வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

காபரேற்றரைக் கழற்றி மேசையில் வைத்துப் பிரித்தபோது வெளிவந்த ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வகைக் காபரேற்றரின் பக்கத்தில் ஒரு சிறு சொலினோயிட் இருக்கும். திறப்பைப் போட்டதும் மின்சாரம் பெற்று உள்ளே இருக்கும் ஊசியை இழுத்து, ஐட்லிங் வழியைத் திறக்கும். திறப்பை அணைத்ததும் ஊசி முன்னால் வந்து அந்த வழியை அடைத்து, எஞ்சின் அணைந்த பின்னும் குலுங்கி ஓடுவதைத் தடுக்கும். எனது காரின் சொலினோயிட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்: ஊசியின் முனை வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய இடத்தில் அரத்தின் கீறல்கள் அப்படியே இருந்தன. எப்போதோ ஒருநாள் சொலினோயிட் பழுதாகி ஐட்லிங் நின்றிருக்க வேண்டும். புதியது வாங்குவதற்குப் பதிலாக யாரோ ஊசியை வெட்டி, வழியை நிரந்தரமாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அணைத்த பின்னும் எஞ்சின் ஓடிய கதைக்கு இது பாதி விளக்கம். கூட்டி வைத்த ஸ்லோ மறு பாதி. பழைய கார் வாங்குகிறவர்கள் இதைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். எஞ்சினை ஸ்ராற் பண்ணாமல் திறப்பை மட்டும் போட்டு, சொலினோயிட்டின் வயரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினால் ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று கேட்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டாலும் ஊசி முழுதாக இருக்கிறது என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது வயரைக் கழற்றினால் உடனே அணைய வேண்டும், அணையாவிட்டால் சந்தேகப்படலாம்.

மிதவைக் கிண்ணத்தின் அடியில் வெள்ளைத் தூளும் மஞ்சள் பிசினும் படிந்திருந்தன. 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று, பிறகு கியூஆர் முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கிடைத்த காலத்தில், என்னைப் போலவே பலரும் காரை ஓடாமல் நிறுத்தி வைத்தோம். நின்ற பெற்றோல் ஆவியாகிப் பிசினை விட்டுவிட்டுப் போனது. பெற்றோலை அளந்து விடும் சிறு துளையுள்ள ஜெற்றுகளை அவர் கம்பியால் குத்தவில்லை. திரவத்தில் ஊறவிட்டுக் காற்றை அடித்தே சுத்தம் செய்தார். பித்தளை ஜெற்றின் துளை மயிரிழை அளவு பெருத்தாலும் கலவை மாறிவிடும் என்பதால், ஊசியோ சைக்கிள் கம்பியோ கையில் எடுக்கும் இடத்தில் காபரேற்றரைக் கொடுக்கவே கூடாது என்பது எனது எண்ணம். பிளக், டிஸ்ரிபியூற்றர் மூடி, வால்வு இடைவெளி எல்லாம் பார்த்தார். இக்னிசன் ரைமிங் சற்றுப் பின்தங்கி இருந்ததை, வக்கியூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ரைமிங் லைற்றால் சரிசெய்தார். அவற்றில் சொல்லும்படியான புதுமை எதுவும் இல்லை.

இனி ஏசிக்கு வருவோம். இந்தக் கராஜுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்களில் பெரும்பகுதி இதற்குத்தான்.

யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளின் காபரேற்றர்க் கைப்பழக்கத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓட வைத்தவர்கள் இவர்கள். ஆனால் அந்தக் காலத்தில் இங்கே ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜிலும் மொறிஸ் மைனரிலும் ஏசி கிடையாது. ஆகவே காபரேற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டும் பலருக்கும், அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏசி உறுப்புகள் அன்னியமானவை. கழன்ற குழாயைக் கண்டால் அடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஏசிக்காரர்களோ காபரேற்றரைத் தொடவே மாட்டார்கள். பழுது வாழ்வது இந்த இடைவெளியில்தான்.

ஐட்லிங்கில் நிற்கும் எஞ்சின் தன்னைத் தானே சுற்றிக்கொள்ள மட்டுமே போதுமான வலுவைத் தருகிறது. கொம்பிரசர் பிடித்ததும் சில குதிரைவலு திடீரென்று உறிஞ்சப்படுகிறது. ஏசி காஸின் சூட்டை வெளியே விடும் கொண்டென்சரின் விசிறியும் உள்ளே காற்று ஊதும் மோட்டோரும் அல்டனேற்றர் மூலமாக இன்னும் கொஞ்சத்தைப் பறிக்கின்றன. இதற்காகவே இவ்வகைக் கார்களில் ஐட்ல் அப் என்ற ஏற்பாடு இருக்கிறது. காபரேற்றரின் பக்கத்தில் தேநீர்த் தட்டின் பாதியளவில் ஒரு உலோக டப்பா, அதனுள் டயபிரம் என்ற மெல்லிய ரப்பர்ச் சவ்வு, அதிலிருந்து அக்சிலறேற்றர் நெம்புகோலுக்கு ஒரு தண்டு. ஏசி வேலை செய்யத் தொடங்கியதும் ஒரு மின் வால்வு திறந்து, மனிபோல்டின் வக்கியூமை அந்த டப்பாவுக்கு அனுப்பும்; டயபிரம் இழுபட்டுத் தகட்டைச் சிறிதளவு திறக்கும்; எஞ்சின் வேகம் தாழாமல், சற்று உயர்ந்தே நிற்கும். கொம்பிரசர் விடுபட்டதும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

எனது காரில் இந்த டப்பாவுக்குப் போகும் குழாயின் முனையில் ஒரு மர ஆணி செருகப்பட்டிருந்தது. அண்ணை ஆணியைப் பிடுங்கிவிட்டு, கைப் பம்பினால் டப்பாவுக்கு வக்கியூம் கொடுத்துப் பார்த்தார். முள் ஏறி உடனே விழுந்தது, டயபிரம் கிழிந்திருந்தது. ஆணி செருகியவரும் அதைக் கண்டுதான் செருகியிருப்பார்: கிழிந்த டயபிரம் கள்ளக் காற்றை விடும், ஆகவே அடை. அவருடைய பகுதிக்கு அது சரிதான். மின் வால்வுக்கு பற்றரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்தபோது அது டிக் என்றது; ஆனால் காரின் சொந்த வயரில் மின்சாரமே வரவில்லை. வயரைப் பின்தொடர்ந்து டாஷ்போட்டுக்கு அடியில் போனபோது காரணம் கிடைத்தது. ஏசியின் அம்பிளிபயர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கொம்பிரசர் கிளச்சை ஒரு றிலே மூலம் நேரடியாக இணைத்திருந்தார்கள். இந்தப் பெட்டி எஞ்சின் வேகம் மிகவும் தாழ்ந்தால் கொம்பிரசரைத் தானாக விடுவிக்கும் பொறுப்பையும் வைத்திருக்கிறது. அது இல்லாததால் ஐட்ல் அப் வால்வுக்கு உத்தரவு கொடுக்கவும் ஆள் இல்லை, அணையப் போகும் எஞ்சினிலிருந்து சுமையை இறக்கவும் ஆள் இல்லை. மூன்று வேறு ஆட்கள், வெவ்வேறு காலங்களில், தங்கள் கண்ணில் பட்ட பழுதைத் தங்களுக்குத் தெரிந்த வழியில் மறைத்ததன் கூட்டு விளைவாகவே கார் புகையிரதக் கடவையில் நின்றது.

டயபிரம் டப்பா புதிதாகக் கிடைக்கவில்லை. ஸ்ரான்லி வீதிக் கடைகளில் கேட்டும் பலன் இல்லாமல், கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த டப்பாவும் அம்பிளிபயரும் பஸ்ஸில் வந்தன. டப்பாவைப் பூட்டுவதற்கு முன் கைப் பம்பில் வக்கியூம் ஏற்றி, தேநீர் குடித்து முடியும் வரை முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தார். பாவித்த டயபிரம் வாங்குகிற எவரும் இந்தச் சோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்கக் கூடாது.

கடைசியாக ஏசியின் காஸ் அழுத்தம். இந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஆர் 12 காஸுக்காகச் செய்யப்பட்டது. 1987 மொன்றியல் உடன்படிக்கையின் பின்னர் அந்த வகைக் காஸ் படிப்படியாகக் கைவிடப்பட்டதால், இப்போது ஓடுவது ஆர் 134ஏ. மாற்றும்போது பழைய நிறையில் 80 முதல் 90 சதவீதம் வரை போட்டால் போதுமானது. 'குளிர் காணாது' என்று நிறையப் போட்டுவிட்டால் குளிர் கூடாது, அழுத்தம் மட்டும் கூடும், அந்த அழுத்தத்தைத் தள்ள எஞ்சின் மேலும் திணறும். மீற்றரைப் பூட்டியபோது உயர் அழுத்தப் பக்கம் 300 பிஎஸ்ஐக்கு மேலே நின்றது. எங்கள் மதிய வெயிலில் 200 முதல் 250 வரை இருந்தால் நியாயம். பாதிக் குற்றம் கூடுதல் காஸ். பாதி, கொண்டென்சரின் தகடுகளுக்கு இடையில் சோளகக் காற்றோடு வந்து அடைந்திருந்த புழுதி. கொண்டென்சரைப் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவி, மெதுவாகச் சுற்றிய விசிறி மோட்டோரின் காபன்களை மாற்றி, காஸை முழுதாக எடுத்து நிறுத்து மீண்டும் போட்டதும் எஞ்சினின் மேல் இருந்த சுமை கண்கூடாகக் குறைந்தது. ஏசி போட்டால் ஐட்லிங் விழுகிறது என்று காபரேற்றரை மட்டும் பிரித்துக்கொண்டிருப்பவர்கள் கொண்டென்சரின் முன்னால் ஒரு முறை குனிந்து பார்ப்பது நல்லது.

எல்லாம் முடிந்த பிறகே ஸ்குரூவுக்கு வந்தார். எஞ்சின் முழுச் சூட்டில், சோக் முழுதாகத் திறந்து, விளக்குகளும் விசிறிகளும் ஓய்ந்து, ஏசி அணைந்திருக்கும் நிலையில், முதலில் ஸ்லோவை 800க்குக் கொண்டுவந்தார். பிறகு கலவை ஸ்குரூவை மெல்லத் திருப்பி, வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தைப் பிடித்து, அதிலிருந்து சற்றே மெலிந்த பக்கமாக விட்டார். மீண்டும் ஸ்லோவை 800க்கு இறக்கினார். "இப்ப ஏசியைப் போடுங்கோ பாப்பம்" என்றார். கிளச் பிடித்தது, வேகம் ஒரு கணம் தாழ்ந்து, டப்பாவின் தண்டு உள்ளே இழுபட, 950இல் ஏறி நின்றது. அந்த 950ஐ வைத்தது ஸ்லோ ஸ்குரூவினால் அல்ல, டப்பாவின் தண்டில் இருக்கும் தனிச் ஸ்குரூவினால். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் யாழ்ப்பாணத்தில் ஓடும் பாதிப் பழைய கார்களின் வியாதி என்று எனக்குத் தோன்றுகிறது.

விளைவைப் பற்றிச் சொல்வதானால், கடவையில் ரயில் போகும் வரை ஏசியோடு நிற்கலாம். கொம்பிரசர் விட்டு விட்டுப் பிடிக்கும்போது ஒரு சிறு அசைவு மட்டும் தெரியும். அணைத்தால் உடனே அணைகிறது. ஆனையிறவு தாண்டிக் கிளிநொச்சி வரை போய் வந்ததில் பெற்றோல் செலவும் குறைந்திருக்கிறது. முழுதாகத் தீராத ஒன்றும் உண்டு: கடும் வெயிலில் ஓடி வந்து, சிறிது நேரம் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்ராற் பண்ணினால், காபரேற்றரில் பெற்றோல் ஆவியாகியிருப்பதால் அக்சிலறேற்றரைப் பாதி மிதித்துக்கொண்டு சுற்ற வேண்டியிருக்கிறது. இதை அவர் முன்கூட்டியே சொன்னார். காபரேற்றர்க் கார்களின் இயல்பு என்று ஒதுக்கிவிடாமல், இன்சுலேற்றர் கட்டையின் கீழே இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புத் தகடு எனது காரில் இல்லை என்பதையும் காட்டினார்.

கூலியாக 22,000 ரூபா வாங்கினார். உதிரிப் பாகங்களுக்கும் காஸுக்கும் அதைவிடக் கூடுதலாகப் போனது. செய்த வேலையைப் பார்த்தால் கூலி அதிகம் என்று சொல்ல மாட்டேன். ஸ்குரூவை முறுக்கிவிட்டு அனுப்புகிறவர்களிடம் மீண்டும் மீண்டும் கொடுக்கும் பணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களையெல்லாம் கேட்காமலே ஒரு பையில் போட்டுத் தந்தது எனக்குப் பிடித்திருந்தது; வெட்டுப்பட்ட ஊசியும் அதற்குள் இருந்தது.

குறைகள். முதலாவது, வேலை மிகவும் மெதுவாக நடக்கிறது. பாகங்கள் கொழும்பிலிருந்து வரும் வரை கார் மாமரத்தின் கீழ் நிற்கும், எப்போது முடியும் என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்காது. தொலைபேசியை எடுக்க மாட்டார். வேலை செய்யும்போது கையில் எண்ணெய் என்பது அவருடைய நியாயம், ஆனால் ஒரு பையன் எடுத்துப் பதில் சொல்லலாமே. வாடகைக்கு ஓடும் காரை இங்கே கொண்டுவந்து விடுவது சரிப்பட்டு வராது. இரண்டாவது, எழுத்தில் பற்றுச்சீட்டுத் தருவதில்லை. என்னென்ன மாற்றினார், என்ன அளவு வைத்தார் என்பதைக் கேட்டு நானேதான் எழுதிக்கொண்டேன். மூன்றாவது, பெற்றோலைத் திறந்த தட்டில் வைத்து வேலை செய்யும் இடத்தில் தீயணைப்புக் கருவி ஒன்று என் கண்ணில் படவில்லை. இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்பவர் இதைக் கவனியாமல் இருப்பது சரியல்ல, அவரிடமும் சொன்னேன். பாவித்த பாகங்களுக்கு உத்தரவாதம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார் என்பதால் அதைக் குறையாக எழுதவில்லை.

இன்ஜெக்சன் எஞ்சின்களை அவர் எடுப்பதில்லை. கணினி வைத்துப் பார்ப்பவர்களிடம் போகச் சொல்லி அனுப்பிவிடுவார். பழைய நிசான் சணி, லான்சர், காபரேற்றர் உள்ள கொறோலாக்கள் என்றால் தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பிறகு கலவையை ஒருமுறை இலவசமாகச் சரிபார்த்துத் தருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் நல்லூர்த் தேர், தீர்த்த நாட்களிலும் பூட்டு. காரை முதல் நாள் மாலையிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் நல்லது. இரவு முழுவதும் குளிர்ந்து நின்ற எஞ்சினைக் காலையில் தானே ஸ்ராற் பண்ணிப் பார்க்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருக்கிறார், மதியத்தில் சூட்டோடு கொண்டுபோனால் அன்றைக்குக் கை வைக்க மாட்டார்.